கைதட்ட ஆளில்லாத பரம்பரை

ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் எழுபதுகளில் வளர்ந்த பையன்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவனைப் பார்த்தால் பேர் என்ன, எந்த ஸ்கூல் என்றெல்லாம் கேட்பதற்கு முன்னாலேயே, "நீ சார்பட்டாவா, இடியாப்பனா?" என்று கேட்டுவிடுவோம். அவன் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான் அன்று சாயங்காலம் கில்லியில் அவன் எந்தப் பக்கம், பம்பரத்தில் யார் அவனுக்கு ஆக்கர் வைப்பது என்பதெல்லாம் முடிவாகும். கேட்கிற எங்களில் ஒருவனாவது கிளவுஸைத் தொட்டுப் பார்த்திருப்பானா என்பது சந்தேகம். அப்பா எந்தக் குத்துச்சண்டைப் பரம்பரைக்குக் கைதட்டினாரோ அதுதான் பிள்ளைக்கும் பரம்பரை. அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்களுக்கு இருப்பதாகக்கூட நாங்கள் நினைத்ததில்லை.

இன்றைக்கு அதே தெருவில் நின்று அதே கேள்வியைக் கேட்டால், பையன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, "ஆர்யா படமா அங்கிள்?" என்கிறான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வராமல் போயிருந்தால் அந்தப் பதில்கூடக் கிடைத்திருக்காது. கொரோனாக் காலமாக இருந்ததால் அந்தப் படம் தியேட்டருக்கு வராமல், 2021 ஜூலை 22 அன்று நேராக அமேசான் பிரைமில் வந்தது. எங்கள் ஏரியாவின் கதையை எங்கள் ஏரியாக்காரர்களே கட்டிலில் சாய்ந்துகொண்டு, வீட்டுக்கு ஒரு திரையில், ஆளுக்கு ஒரு நேரத்தில் பார்த்தார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஊரே சேர்ந்து பார்த்த சண்டையை, தனியாக, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்க்கிற காலம் வந்துவிட்டதை அந்த இரவில்தான் நான் முழுசாக உணர்ந்தேன்.

அந்தக் காலத்தில் சண்டை நடக்கப்போகிறது என்பதைச் சுவர்கள்தான் முதலில் சொல்லும். கல்மண்டபத்திலும், பனைமரத் தொட்டியிலும், எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளின் பக்கச் சுவர்களிலும், ராத்திரியோடு ராத்திரியாக ரோஸ் நிறத் தாளில் போஸ்டர் ஏறியிருக்கும். கோதுமை மாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசையின் வாடை, காலையில் பால் வாங்கப் போகும்போதே மூக்கில் ஏறும். 'ரோஷமான குத்துச்சண்டை' என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் ஒரு பெயர், நடுவில் ஒரு பெருக்கல் குறி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பையன்கள் சத்தமாகப் படிக்க, படிக்கத் தெரியாத பெரியவர்கள் நின்று கேட்டுவிட்டுத்தான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போவார்கள். என் தமிழ் வாசிப்பு அந்தச் சுவர்களில்தான் திடமானது என்று சொன்னால் என் வாத்தியார்கள் வருத்தப்படலாம். ஆனால் அது நிஜம்.

போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து சண்டை நடக்கும் நாள் வரைக்கும் டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது. இவனுக்கு இடது கை பலம், அவனுக்கு மூச்சு நிற்கும், இவனுடைய வாத்தியார் பாடி அடிக்கச் சொல்லிக்கொடுப்பவர், அவனுடைய வாத்தியார் காலை ஆடவிடுபவர் என்று, கப்பலில் மூட்டை இறக்குகிறவரும் வலை பின்னுகிறவரும் மில்லில் நூல் ஓட்டுகிறவரும் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு வைத்திருப்பார்கள். அந்தத் தீர்ப்புகளில் பாதி தப்பாகப் போகும். ஆனால் அந்தப் பேச்சில் இருந்த நுணுக்கம் தப்பாது. மூன்றாவது ரவுண்டில் ஒருவனுடைய இடது கை அரை அங்குலம் தாழ்கிறது என்பதை எட்டாவது வரிசையிலிருந்து பார்த்து, "கார்டை ஏத்துடா!" என்று கத்துகிறவரை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் பகலில் உப்பு மூட்டை சுமப்பவர். அவர் கத்திய அடுத்த நொடியே அந்தப் பையன் தாடையில் வாங்கினான். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, தன் பிள்ளையே அடிவாங்கியதைப்போல உட்கார்ந்துவிட்டார்.

சண்டை நாளில் வீரனை வீட்டிலிருந்து தெருவே சேர்ந்து அழைத்துப் போகும். பேண்டு வாத்தியம் முன்னால் போகும். தோளில் துண்டு போர்த்திய வீரன் தலைகுனிந்து நடுவில் நடப்பான். பக்கத்தில் வாத்தியார், பின்னால் நாங்கள். கண்ணப்பர் திடலை நெருங்கும்போதே வேர்க்கடலை வறுக்கும் வாசமும் பீடிப் புகையும் சேர்ந்து வரும். மாங்காய்த் துருவல் போட்ட சுண்டல் பொட்டலத்தைச் சண்டை முடியும்வரை பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்து, பரபரப்பில் கசக்கிப் பிழிந்து, கடைசியில் சட்டைப்பையில் மாங்காய்ச் சாறு ஒழுக வீட்டுக்கு வந்த பையன்கள் அந்த வயதில் எத்தனையோ பேர். இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கும் அந்தச் சட்டைக்கறை நினைவிருக்கும்.

பரம்பரை என்றால் உறுப்பினர் அட்டையும் சந்தாவும் உள்ள கிளப் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு வாத்தியார், அவரிடம் கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று நீண்டுகொண்டே போகும் வரிசைதான் பரம்பரை. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் மாலுமிகளும் ஆங்கிலோ இந்தியர்களும் துறைமுகத்தையும் ரயில்வேயையும் ஒட்டி ஆடிய ஆங்கிலக் குத்துச்சண்டையை, அவர்களுக்கு மூட்டை தூக்கியவர்களும் மீன் விற்றவர்களும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக் கற்றார்கள். கற்றதோடு நிற்காமல் அதற்குள் தங்கள் சொந்தக் காலாட்டத்தையும் ரோஷத்தையும் சேர்த்தார்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கன், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரைகள் பிரிந்தன. எங்கள் பக்கத்து வீரர் கித்தேரி முத்து, டெர்ரி என்ற ஆங்கிலோ இந்திய வீரரோடு மோதிய கதையை எங்கள் தாத்தாக்கள் சொல்லும்போது, சுதந்திரம் முதலில் வந்தது செங்கோட்டைக்கா ராயபுரத்துக்கா என்று எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பயிற்சி நடக்கும் இடத்தில் அந்தப் பழம்பெருமைக்குச் சாட்சியாகப் பெரிதாக ஒன்றும் இருக்காது. மண் தரை, துறைமுகத்திலிருந்து வந்த கோணிக்குள் மணலும் மரத்தூளும் அடைத்துத் தைத்த பை, அதைத் தொங்கவிடவும் ஸ்கிப்பிங் ஆடவும் கப்பல் கயிறு. விடியலில் பஸ்கியும் தண்டாலும் முடித்துவிட்டுக் கடலோர மணலில் ஓடுவார்கள். கால் புதையும் மணலில் ஓடினால்தான் ரிங்கில் கால் இறகாக இருக்கும் என்பது வாத்தியார்களின் சித்தாந்தம். அந்த மணலை இன்று தேடினால் கிடைக்காது. துறைமுகத்தின் சுவர் கடலுக்குள் நீண்ட நாளிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவரும் மணல் அதில் தடுக்கி நின்று மெரினாவை அகலமாக்கியது. எங்களுக்கு வரவேண்டிய மணல் வராமல், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் உள்ளே ஏறி வந்தது. வீடுகளைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். இப்போது அங்கே அலை கல்லில் மோதுகிறது, ஓடுவதற்கு இடமில்லை. மெரினாவில் காலாற நடக்கிறவர்கள் எங்கள் பையன்களின் பயிற்சி மைதானத்தின்மேல்தான் நடக்கிறார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இப்படியெல்லாம் சொல்லும்போது அந்தக் காலம் முழுக்கத் தேனாக இருந்ததாகத் தோன்றும். இல்லை. பரம்பரையின் பெயர் அன்றைக்கும் கனமானதுதான். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். வாலிபத்திலேயே பெயர் எடுத்தவர், அமைதியானவர், பையன்களைக் கண்டால் தலையைத் தடவிவிட்டுப் போவார். ஒரு சண்டையில் இரண்டாவது ரவுண்டிலேயே விழுந்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவர் டீக்கடைப் பக்கம் வரவில்லை; முடிவெட்டிக்கொள்ளக்கூட இருட்டின பிறகுதான் போனார். அவர் தோற்றதாக யாரும் சொல்லவில்லை, பரம்பரை தோற்றதாகத்தான் சொன்னார்கள். இருபத்துச் சொச்சம் வயதுப் பையன், தான் பிறப்பதற்கு முன்னால் செத்துப்போனவர்களின் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆனாலும் அந்தக் கனத்தை அவர் தனியாகச் சுமக்கவில்லை. பயிற்சிக் காலத்தில் அவருக்குப் பச்சை முட்டை தினமும் எங்கள் தெருவின் மளிகைக் கடையிலிருந்து போனது. அதற்குக் கணக்கு எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஆட்டுக்கால் சூப் ஆடுதொட்டிக்காரர் வீட்டிலிருந்து வரும். காசிமேட்டுப் படகுக்காரர்கள் நல்ல மீனாகப் பார்த்து எடுத்துவைப்பார்கள். தோற்றுவிட்டு அவர் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நாட்களிலும் அந்த முட்டை நிற்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து அவரைத் திட்டியவர்களே, உள்ளே போகும் தூக்குவாளியைப் பார்த்ததும் காலை மடக்கி வழிவிட்டார்கள். அவர் மறுபடி சண்டைக்குப் போனார், மறுபடி தெருவே அவர் பின்னால் போனது. அந்த முறை ஜெயித்தார்.

1980-இன் தொடக்கத்தில் முகமது அலியே சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் முன்னாள் உலகச் சாம்பியன் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார், முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். வடசென்னையே அன்று அங்கே இருந்தது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, பின்னால் இருந்த ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், "நம்ம முத்தண்ணன் காலாட்டம் இதைவிட ஒரு படி மேலப்பா" என்றார். குரலில் துளி கேலியில்லை. உலகத்தின் மிகப் பெரிய வீரனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டும் தன் ஊர்க்காரனை விட்டுக்கொடுக்காத அந்த நம்பிக்கை, பழம்பெருமை என்பது உயிரோடு இருந்தால் எப்படி இருக்கும் என்பதை எனக்குக் காட்டியது. அந்தப் பெரியவர் கித்தேரி முத்துவின் சண்டையை நேரில் பார்த்தவர். அடுத்து வந்த பையன்களின் சண்டையையும் நேரில் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒப்பிட்டுப் பேசும் தகுதி அவருக்கு இருந்தது.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள். பந்தயப் பணம் உள்ளே வந்தது. ரிங்குக்குள் முடிய வேண்டிய சண்டை திடலுக்கு வெளியே ரசிகர்களுக்கு நடுவில் தொடர்ந்தது. போலீஸ் அனுமதி கிடைப்பது கஷ்டமானது. மில்கள் நொடித்தன. பெரம்பூரின் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டபோது தலைமுறை தலைமுறையாக அதை நம்பியிருந்த குடும்பங்கள் சிதறின. கையில் கூலி இல்லாதவன் சண்டைக்கு டிக்கெட் வாங்குவதெங்கே, வீரனுக்கு முட்டை கொடுப்பதெங்கே. சுவர்களிலிருந்து போஸ்டர்கள் போயின. பரம்பரைப் பெயர்கள் மட்டும் சில பயிற்சிக்கூடங்களின் பலகைகளில் ஒட்டிக்கொண்டு நின்றன.

விளையாட்டு நிற்கவில்லை, அது வேறு வீட்டுக்குக் குடிபோனது. சங்கங்கள், எடைப் பிரிவுகள், மூன்று மூன்று நிமிடமாக மூன்று ரவுண்டு, ரிங்கைச் சுற்றி ஐந்து நடுவர்கள், ரவுண்டுக்குப் பத்துப் புள்ளி. நல்ல காரியம்தான். புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தாலும் சண்டையை நடத்திக்கொண்டிருந்த காலத்தைவிட, டாக்டர் கையைத் தூக்கினால் நிறுத்தும் காலம் மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த வழியாகத்தான் நம் சென்னையின் வி. தேவராஜன் 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் போனார், 1994-இல் பாங்காக்கில் உலகக் கோப்பை வெண்கலம் வாங்கினார், அர்ஜுனா விருதும் பெற்றார். எங்கள் காலத்தில் ரிங் பக்கமே வரமுடியாதிருந்த பெண் பிள்ளைகள் இன்று கிளவுஸ் மாட்டுகிறார்கள். 2012-இலிருந்து ஒலிம்பிக்கிலும் பெண்களுக்குக் குத்துச்சண்டை இருக்கிறது. அரசும் 2025-இல் கோபாலபுரத்தில் குத்துச்சண்டைக்கென்று ஓர் அகாடமியைத் திறந்தது. எங்கள் பையன்கள் பாலம் தாண்டி, பஸ் மாறி அங்கே போக வேண்டும் என்பது வேறு விஷயம். கூரையும் முறையான ரிங்கும் இருப்பது பெரிய காரியம்.

ஆனால் இந்தப் புதிய வீட்டில் பார்வையாளருக்கு நாற்காலி இருக்கிறது, பார்வையாளர்தான் இல்லை.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டு என் வயதொத்த ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுக்கிறார். பலகையில் ஒரு பரம்பரையின் பெயர் இருக்கிறது. எது என்பதை இங்கே எழுதினால் மற்றவர்கள் வருத்தப்படுவார்கள், விட்டுவிடுகிறேன். மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரைக்கும் வந்த பிறகு அங்கே போய்வருவது எனக்குச் சுலபமாகிவிட்டது. அந்த மாடியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மெட்ரோ பாலத்தில் குளிரூட்டிய பெட்டிகள் சத்தமில்லாமல் ஊர்ந்துபோகும். இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் அசையாமல் நிற்கும்.

நான் போன அன்று ஒரு பெண் கையில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். காலேஜ் படிக்கிற பெண். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி மூன்று சுற்று, விரல்முட்டிகளின்மேல் மூன்று சுற்று, பிறகு ஒவ்வொரு விரல் இடுக்காக உள்ளே விட்டு வெளியே எடுத்து, மறுபடி மணிக்கட்டில் முடித்தாள். பட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தது. வாத்தியார் தூரத்திலிருந்தபடியே "அவுரு" என்றார். அவள் முகம் சுளிக்காமல் முழுவதையும் அவிழ்த்து முதலிலிருந்து சுற்றினாள். சுருக்கத்தோடு கிளவுஸ் மாட்டினால் அடிக்கும்போது விரலெலும்பில் அந்த இடம் அழுத்தும்; இதை அவருக்கு அவருடைய வாத்தியார் சொல்லியிருக்கிறார், அவருக்கு அவருடைய வாத்தியார். பரம்பரை என்றால் இதுதான், பலகையில் எழுதியிருப்பதில் அது பாதிகூட இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

அவளிடம் கேட்டேன், இவ்வளவு பெரிய பெயரின் கீழே ஆடுவது தெம்பாக இருக்கிறதா, பாரமாக இருக்கிறதா என்று.

"தெரியல பெரியப்பா," என்றாள். "தோத்துட்டு வந்தா, பரம்பரை பேரையே கெடுத்துட்டன்றாங்க. ஜெயிச்சிட்டு வந்த அன்னிக்கு, 'எங்கே போய்ட்டு வர்ற?'ன்னு கேட்டாங்க."

நான் வாத்தியாரைப் பார்த்தேன். அவர் கோணிப்பைக்குப் பதிலாக வந்துவிட்ட ரெக்சின் பையைப் பிடித்து நிறுத்திக்கொண்டே சொன்னார்: "அது சொல்றது நெசந்தான்பா. நம்ம காலத்துல தோத்தவன் பின்னாடியும் நூறு பேரு வருவான். திட்டிக்கினே வருவான். ஆனா வருவான்."

பழைய பெருமை இன்றைய வீரர்களுக்கு உதவியா சுமையா என்று நீண்ட நாளாக யோசித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த மாடியில்தான் விடை கிடைத்தது. பெருமையின் எடை அன்றும் இன்றும் ஒன்றுதான். தூக்குகிற தோள்கள்தான் குறைந்துவிட்டன. ஊரே தூக்கியபோது அது பல்லக்காக இருந்தது. ஒரு பெண் தனியாகத் தூக்கும்போது அதே பல்லக்கு அவளை அமுக்குகிறது.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். கல்கத்தாவின் மோகன் பகான் அணி 1911 ஜூலை 29 அன்று ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது, ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த அணி தோற்ற நாட்கள் எத்தனையோ உண்டு. ஆனாலும் அந்த 1911 இன்றைய ஆட்டக்காரனை நசுக்காமல் இருப்பதற்குக் காரணம், ஈஸ்ட் பெங்காலோடு ஆட்டம் என்றால் இன்றும் ஸ்டேடியம் நிறைவதுதான். வேறொரு கம்பெனி அணியோடு இணைத்து 2020-இல் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்தைச் சேர்த்தபோது ரசிகர்கள் விடாமல் போராடினார்கள். 2023-இல் அந்த எழுத்துகள் போயின. பழம்பெருமையைக் காப்பாற்றும் வேலையை அங்கே கூட்டம் எடுத்துக்கொண்டது, ஆட்டக்காரன் ஆடுகிற வேலையைப் பார்க்கிறான்.

ஹாக்கியைப் பாருங்கள். அலி இங்கே வந்த அதே 1980-இல், நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா எட்டாவது தங்கத்தை வாங்கியது. அதோடு நின்றது. அடுத்து 41 வருஷம் ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்கூட இல்லை. அந்த வருஷங்களில் ஸ்டிக் பிடித்த ஒவ்வொரு பையனையும் தயான்சந்த் பெயரைச் சொல்லியே அடித்தோம். ஆனால் அவன் ஆடிய ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தவர்கள் சிலபேர்தான். 2018-இல் ஒடிசா அரசு தேசிய அணியின் செலவை ஏற்றுக்கொண்டது. புவனேஸ்வரில் உலகக் கோப்பை நடந்தபோது கேலரிகள் நிறைந்தன. 2023-இல் ரூர்கேலாவின் புதிய ஸ்டேடியமும் நிறைந்தது. டோக்கியோவிலும் பாரிஸிலும் அடுத்தடுத்து வெண்கலம் வந்தது. கைதட்டல் மட்டுமே பதக்கம் வாங்கித் தரும் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியும் பணமும் வேண்டும்தான். ஆனால் எட்டுத் தங்கத்தின் நிழலில் தனியாக நின்ற பையனுக்கும், பின்னால் ஒரு ஊர் நிற்பதைக் காதால் கேட்ட பையனுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன், எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கேரம். சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன். 1996-இல் அர்ஜுனா விருது வாங்கியவர். அவருக்குப் பின்னால் வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் உலகப் பட்டம் வென்றார். 2024-இல் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். ஒருவர் பெயர் அடுத்தவரை அமுக்கவில்லை, ஏற்றிவிட்டது. ஏன் என்று பார்க்க எந்தச் சாயங்காலமும் எங்கள் தெருக்களுக்கு வரலாம். மன்றத்தின் வாசலில் ஒரு கேரம் போர்டு, மேலே தொங்கும் ஒற்றை பல்பு, நான்கு பேர் ஆட, பதினைந்து பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். போரிக் பவுடர் ஒட்டிய கையோடு ஒரு பெண்குழந்தை ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது, பின்னாலிருந்து யாரோ ஒருவர், "ரெட்டை இப்ப தொடாத பாப்பா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் குழந்தை தோற்றதையும் ஜெயித்ததையும் பார்த்த கண்கள் அந்தத் தெருவிலேயே இருக்கின்றன. "எங்கே போய்ட்டு வர்ற?" என்று அவளை யாரும் கேட்க மாட்டார்கள்.

குத்துச்சண்டையும் ஒரு காலத்தில் அப்படித் தெருவில்தான் இருந்தது. இன்று அது வேலை நாள் காலையில், ஒரு உள்ளரங்கத்தில் நடக்கிறது. சமீபத்தில் ஒரு மாநில அளவிலான போட்டிக்குப் போயிருந்தேன். ரிங்கில் பையன்கள் உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கேலரியில் அடுத்த சண்டைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், அவர்களுடைய பைகள், டிபன் டப்பாவோடு வந்த சில அம்மாக்கள், செல்போனில் படமெடுக்கும் ஓர் அப்பா. காசிமேட்டிலிருந்து வந்திருந்த ஒரு பையன் இடது கையைக் காட்டி ஏமாற்றி வலது கையால் ஒரு அடி அடித்தான் பாருங்கள், அந்த எட்டாவது வரிசை மூட்டைக்காரர் இருந்திருந்தால் எழுந்து நின்று துண்டைச் சுழற்றியிருப்பார். நான் கைதட்டினேன். அந்தப் பெரிய கூடத்தில் என் கைச்சத்தம் எனக்கே தனியாகக் கேட்டது. பையன் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான்.

நம்மில் பலபேர் 'சார்பட்டா பரம்பரை' பார்த்துவிட்டு, அதில் வரும் டான்ஸிங் ரோஸின் காலாட்டத்தை வீட்டுக் கூடத்தில் ஆடிக் காட்டினோம். சண்டைக்காரர்களின் சித்திரம் வரைந்த சுவர்முன் நின்று படமெடுத்துக்கொண்டோம். படம் வந்த வருஷம் தன் மொட்டைமாடியில் நிற்க இடமில்லை என்றும், அடுத்த வருஷமே பழையபடி பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்றும் வாத்தியார் சொன்னார். ராயபுரம் ரயில் நிலையத்துக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் என்ற பெருமை உண்டு. 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. அந்தச் சரித்திரத்தைச் சொல்லி மெய்சிலிர்க்கிறவர்களில் அங்கே போய் ரயில் ஏறியவர்கள் எத்தனை பேர்? பரம்பரையைப் பற்றிப் பேசுகிற நம்முடைய நிலையும் அதுதான். பெருமையை நம்மிடம் வைத்துக்கொண்டோம், சண்டையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டோம்.

அதனால் பழைய பெயர்களை இறக்கிவைத்துவிட வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பட்டையில் விழுந்த சுருக்கத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் கண் அந்தப் பெயரோடுதான் வந்தது. அதை இழந்துவிட்டால் எந்த அகாடமியாலும் திரும்ப வாங்க முடியாது. பழைய பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தும் உரிமை நமக்கு இல்லை என்பதுதான் என் கட்சி. அவர்கள் சண்டையைப் பார்க்காதவர்களுக்கு, அவர்கள் தோல்வியைப் பற்றிப் பேச வாயில்லை.

போட்டிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கூடக் கிடையாது. எப்போது, எங்கே என்று உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் பயிற்சிக்கூடத்தில் கேட்டால் சொல்வார்கள். பரம்பரைப் பேரைச் சொல்லி வளர்ந்த அப்பாக்களும் மாமாக்களும் ஒரு நாளை ஒதுக்கி, வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருங்கள். தோற்கிற பிள்ளையைத் திட்டுவதென்றாலும் நேரில் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். ஜெயித்த பிள்ளையோடு தெரு முனை வரைக்குமாவது கூட நடந்து வாருங்கள்.